பூவரசு வரி போட்ட பீரோ

காஞ்சிபுரம், மேட்டுத் தெரு
10-2-1975

மச்சான் தணிகாசலத்துக்கு மாமா கோதண்டபாணி எழுதுவது.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. எல்லோரும் சௌக்கியம். உன் அக்கா பெரியநாயகி சௌக்கியம். அம்பத்தூர் விலாசத்தை அவளிடம்தான் வாங்கினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மரச்சாமான் கடை நடக்கிறது. நடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு வருவது அடியோடு நின்றுவிட்டது. டிப்போ ஏலத்தில் நல்ல மரத்தையெல்லாம் கான்ட்ராக்டர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நமக்கு மிஞ்சுவது கோணலும் முடிச்சும். பட்டு ஓடினால்தான் நம் ஊரில் கட்டில் ஓடும் என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் கச்சாப் பட்டு விலை ஏறிப் பாதித் தறி சும்மா கிடக்கிறது. தீபாவளிக்குக்கூட ஒரு ஊஞ்சல் பலகை போகவில்லை. கல்யாண மண்டபத்துக்காரன் மடக்கு நாற்காலியை இரும்பில் வாங்குகிறான். பள்ளிக்கூட பெஞ்சுக்கு டெண்டர் போடப் போனால், கால் இரும்பில் இருக்க வேண்டுமாம். பட்டறையில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் இப்போது முனிசாமி ஆசாரியும் இன்னொருவரும்தான்.

நம் வேணிக்குக் கல்யாணம். ஏப்ரல் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை மாகறல் சபாபதியின் மகன், மெட்ராஸில் டெலிபோன் ஆபீஸ் வேலை. பேச வந்த அன்று சபாபதியின் சம்சாரம் என் கடையில், நான் செய்த தேக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "கட்டிலு உங்க இஷ்டங்க. பீரோ மட்டும் இரும்புல இருக்கட்டும். மெட்ராஸ்ல கரையான் இருக்குது, திருட்டு பயம் இருக்குது. லாக்கர் வெச்சதா பாத்துக் குடுங்க." வேணி உள்ளேயிருந்து தலையாட்டுகிறாள். நான் என்ன செய்வேன்?

என் கடை வாசலில் 'இங்கு இரும்பு விற்கப்படாது' என்று பெரிய எழுத்தில் போர்டு தொங்குகிறது. மரக்கடைச் சங்கக் கூட்டத்தில் நான் பேசியதெல்லாம் உனக்கு மறந்திருக்காது. இந்த ஊரில் ஒரு இரும்புப் பீரோவை நான் வாங்கினால் மாலைக்குள் எல்லாக் கடைக்கும் தெரிந்துவிடும். அதனால் உன் இரும்புப் பட்டறையில் நீ ஒன்று செய்து அனுப்பு. வெளியே மரம் மாதிரி பெயின்ட் அடித்துவிடு. அதெல்லாம் இப்போது வந்துவிட்டது என்கிறார்கள். கம்பெனிப் பெயர்த் தகடு வேண்டாம். சாக்குச் சுற்றி அனுப்பு. கிரயத்தை முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன்.

இது வேணிக்காகக் கேட்பது.

கோதண்டபாணி


அம்பத்தூர்
18-2-1975

மாமா அவர்களுக்குத் தணிகாசலம் வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கட்டைத் திருடனிடம் பீரோ கேட்கிறீர்களே, லாக்கர் சாவியில் ஒன்றை நான் வைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கோபப்படாதீர்கள். வேணி என் தோளில் உட்கார்ந்து கருட சேவை பார்த்தவள். பீரோ செய்து தருகிறேன், கிரயம் வேண்டாம், அது தாய்மாமன் சீர். ஆனால் இங்கே நான் மாட மாளிகையில் இருப்பதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, நாலு ஆட்கள். நல்ல கனத் தகடு பர்மிட்டில் கிடைப்பதில்லை, கறுப்புச் சந்தையில்தான் கிடைக்கிறது. மின்வெட்டால் வாரத்தில் பாதி நேரம் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோம். இரும்பு சோறு போடுகிறது, பாயசம் போடவில்லை.

நீங்கள் மறந்ததுபோல எழுதியிருப்பதால் நான் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எழுபதாம் வருஷம் தை மாதம். சங்கத்தில் நாற்பது பேர். எல்லோரும் சேர்ந்து ஒரு வெல்டிங் பட்டறை போடலாம், இனிமேல் மரத்தை மட்டும் நம்பினால் ஓடாது என்று நான் எழுந்து சொன்னேன். நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள். "இவனுக்கு மொதலு எங்கருந்து வருதுன்னு கேளுங்கபா. ஏனாத்தூர் கொளத்துல ஊறப் போட்ட என் பூவரசங்கட்டை பன்னெண்டு. இவன் ஓட்டிக்கினு வந்த வண்டியில ஆறுதான் வந்துச்சு. மீதி ஆறு வெல்டிங் மிஷினா மாறிக்கினு இருக்குது" என்றீர்கள்.

பூவரசை ஒரு வருஷம் தண்ணீரில் போட்டு வைத்தால் பூச்சி அரிக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான். பன்னிரண்டு கட்டையையும் குளத்தில் இறக்கினவன் நான். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு கொட்டகைக்கு மரம் வாங்கப் போன மெட்ராஸ் மரக்கடையில்கூட "நீதானா அந்தப் பூவரசங்கட்டை?" என்று கேட்டார்கள். எடுத்தாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கட்டை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

பீரோ வரும். பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த ஐந்து வருஷத்தில் அந்த ஆறு கட்டைகளை நீங்கள் ஒரு நாளாவது தேடினீர்களா?

தணிகாசலம்


காஞ்சிபுரம்
2-3-1975

தணிகாசலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணக் காரியம் தலைக்கு மேல் இருக்கிறது. பழசை இப்போது கிளற வேண்டாம்.

பெயின்ட் விஷயத்தில் கவனமாக இரு. தேக்கு வரி நேராக ஓட வேண்டும். தேன் நிறம் இருக்கட்டும், சிவப்பு ஏறிவிடக் கூடாது. கதவின் இரண்டு பக்கமும் ஒரே பலகையில் அறுத்த மாதிரி வரி பொருந்த வேண்டும். கைப்பிடி பித்தளையில் இருந்தால் நல்லது, நம் பட்டறைச் சாமான் மாதிரி தெரியும். உட்பக்கம் உன் இஷ்டம்.

மரச் சந்தையில் வேறு விசேஷமில்லை. வேங்கை மர விலையும் ஏறிவிட்டது.

பத்திரிகை உன் அக்கா தனியாக அனுப்புவாள்.

கோதண்டபாணி


அம்பத்தூர்
28-3-1975

மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரியிலேயே பீரோவும் வருகிறது. ஆறரை அடி உயரம். லாக்கர், ரகசிய அறை, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இருக்கிறது. இறக்கும்போது நாலு பேர் பிடிக்கட்டும்.

பெயின்ட் வேலையை ஆளிடம் விடவில்லை. பதினோரு நாள் நானே உட்கார்ந்து செய்தேன். அடிக் கோட் காய்ந்த பிறகு கறுப்புக் கலந்து ஒரு கை பூசி, ஈரத்திலேயே சீப்பால் இழுத்து, துணியால் ஒற்றினால் வரி விழும். நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட தேக்கு வரியைப் போடவில்லை. நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெளுப்பு. என்ன மரம் என்று உங்களுக்குச் சாக்கை அவிழ்த்ததும் தெரிந்துவிடும். சங்கத்து ஆட்களுக்கும் தெரியும்.

நான் கேட்ட கேள்விக்குப் பித்தளைக் கைப்பிடியைப் பற்றிப் பதில் எழுதினீர்கள். அதனால் நான் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் வேணிக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நாற்பது பேர் முன்னால் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் எதைக் காட்டினாலும் மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இன்னா சொல்லுது கேளுங்க" என்பீர்களே, இதைத் தட்டிவிடாதீர்கள்.

தணிகாசலம்


காஞ்சிபுரம்
சித்திரை முதல் தேதி, 14-4-1975

தணிகாசலத்துக்கு,

தட்டிவிட்டேன்.

சீர் வரிசை வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் புறப்பட்டது. முன்னால் நாயனம், பின்னால் தாம்பாளங்கள், கடைசியில் திறந்த வண்டியில் கட்டிலும் பீரோவும். வழக்கம்போல ஊரே வாசலில் நின்று பார்த்தது. சங்கத்துக்காரர்கள் தலைவர் மாணிக்கவாசகம் கடை வாசலில் கூட்டமாக நின்றார்கள். வண்டி அங்கே கொஞ்சம் நின்றது. "இன்னா கோதண்டபாணி, பூவரசுல பீரோவா? வரி அமோகமா இருக்குதேபா!" என்றார் மாணிக்கவாசகம். முப்பது வருஷப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை. மோதிரத்தால் ஓங்கித் தட்டி, "இன்னா சொல்லுது கேளுங்க" என்றேன். டொம் என்று ஒரு சத்தம். அண்டாவைப் போட்ட மாதிரி தெரு முழுக்கக் கேட்டது.

அப்புறம் சிரித்தார்களே ஒரு சிரிப்பு! நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பூவரசு வயித்துல தகரம் பேசுதுபா" என்று யாரோ சொன்னார்கள். வேணி அன்று மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லபா, நான் அதைத்தான கேட்டேன்" என்றாள்.

அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ போட்ட வரியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கல்யாணம் முடிந்து மெட்ராஸுக்கு ஏற்றும்வரை மூன்று நாள் அந்தப் பீரோ வீட்டுக் கூடத்தில் நின்றது. நான் பின்வாசல் வழியாகவே போய் வந்தேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நான் தேடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் முனிசாமியை அனுப்பிப் படிக்கட்டு ஓரம் கழியால் குத்திப் பார்க்கச் சொன்னதோடு சரி. கட்டை தானாகக் கிடைத்தது. போன வருஷம் வைகாசியில் ஏனாத்தூர்க் குளம் அடிவரை வற்றிவிட்டது. நம் கழனிக்கு வண்டல் எடுக்க ஆள் விட்டிருந்தேன். மதகுக்குக் கீழே மண்வெட்டி எதிலோ பட்டு நின்றது. தோண்டினால் ஆறு கட்டைகள். நான் உளியால் வெட்டிய அடையாளம் ஆறிலும் இருந்தது. மரம் கொஞ்சம்கூடக் கெடவில்லை.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்களிடம், பழைய மதகுக்குப் போட்ட கட்டை என்று சொன்னேன். வைக்கோல் போர் ஓரம் அடுக்கி மூடி வைத்தேன். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த உன் அக்கா வைக்கோலைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினாள். பழையபடி மூடிவிட்டு, "சாப்புடுங்க, ஆறிடப் போவுது" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உன் பெயரையும் என் எதிரில் எடுப்பதில்லை. பத்து மாதமாக ஒரே வீட்டில் இருவரும் இப்படித்தான் இருக்கிறோம்.

உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். வெட்கம். முதல் நாள் எழுத வெட்கம், மறுநாள் நேற்று எழுதாததற்கும் சேர்த்து வெட்கம், இப்படியே தள்ளிப் போய்விட்டது. கடைசியில் எழுதியபோதும் பீரோ கேட்டு எழுதினேன்.

நீ எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

கோதண்டபாணி


அம்பத்தூர்
23-4-1975

மாமா அவர்களுக்கு,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். ஆட்கள் என்ன என்று கேட்டார்கள். கண்ணில் தீப்பொறி விழுந்துவிட்டது என்றேன்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. படிக்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழியை நாற்பது பேர் நடுவில் நின்று சொன்னீர்கள். மன்னிப்பைப் பசை ஒட்டின உறைக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் மெட்ராஸில் கடை கடையாகப் போய்க் காட்ட முடியுமா? எங்கே நின்று சொன்னீர்களோ அங்கே நின்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் அக்கா வீட்டு வாசலை மிதிக்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கும் கை தயங்குகிறது. ஏன் என்று இப்போது சொல்ல மனமில்லை.

தணிகாசலம்


காஞ்சிபுரம்
5-5-1975

தணிகாசலத்துக்கு,

நேற்று சங்கக் கூட்டம். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சேல்ஸ் டாக்ஸ், தேக்கு விலை, மெட்ராஸிலிருந்து லாரி லாரியாக இறங்கும் இரும்புக் கட்டில் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துப் பாச்சா தன் கடையை மூடிவிட்டு மண்டபத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடப் போகிறாராம். கடைசியில் தலைவர், "வேற யாராச்சும் பேசணுமா?" என்றார். நான் எழுந்தேன்.

எழுந்துவிட்டேன் தணிகாசலம், அதுவரைக்கும் நிஜம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பீரோச் சத்தத்தை நினைத்து இரண்டு பேர் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நானும் இனிமே இரும்பு வெக்கலாம்னு இருக்கறேன். நாம எல்லாரும் சேந்து ஒரு வெல்டிங் பட்டறை போட்டா இன்னா?" என்றேன். நான் நினைத்துப் போனது ஒன்று, வாயில் வந்தது இது. எல்லோரும் கை தட்டினார்கள். மாணிக்கவாசகம் என் முதுகில் தட்டி, "இப்பத்தான்பா ஒனக்கு புத்தி வந்துக்கினு இருக்குது" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நீ சொன்ன யோசனை அது. அதையும் என் பெயரில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். இப்போது சொல், நம் இரண்டு பேரில் திருடன் யார்?

வீட்டுக்கு வந்து வாசல் போர்டைக் கழற்றினேன். அது ஒன்றுதான் நேற்று உருப்படியாகச் செய்தது.

கோதண்டபாணி


காஞ்சிபுரம்
10-6-1975

தணிகாசலத்துக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவாய்?

இனிமேல் கூட்டத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. எழுந்து நின்றால் என் வாய் எனக்கே துரோகம் செய்கிறது. அதனால் நேற்று ஏனாத்தூரில் ஒரு திறந்த வண்டியை வாடகைக்குப் பேசினேன். ஆறு கட்டைகளையும் ஏற்றினேன். சாக்குப் போடவில்லை, வைக்கோல் போடவில்லை. வண்டிக்கு முன்னால் நான் நடந்தேன். வேணியின் சீர் எந்தத் தெருவில் போயிற்றோ அதே தெருவில், கடைகள் எல்லாம் திறந்திருக்கும் நேரத்தில், வண்டியை ஓட்டச் சொன்னேன்.

முதல் கடையில் பாச்சா கேட்டார்: "இன்னா கோதண்டபாணி, மறுபடியும் சீரா?" கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். "தணிகாசலம் எடுத்துக்கினான்னு நான் சொன்ன கட்டை இதான்பா. அவன் எடுக்கலை. கொளத்துலயே இருந்துச்சு. எனக்கு ஒரு வருஷமா தெரியும்" என்றேன். அடுத்த கடையில் அவர்கள் கேட்கவில்லை. நானே கூப்பிட்டுச் சொன்னேன். பதினோரு கடை. நீ சொன்ன யோசனையை நான் திருடிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், "வெய்யில்ல இன்னாத்துக்குபா இந்த வேலை" என்று உள்ளே போய்விட்டார். மாணிக்கவாசகம் இறங்கி வந்து கட்டையில் என் அடையாளத்தைத் தடவிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு மெட்ராஸ்ல மரம் குடுக்காதீங்கன்னு நான்தான்பா எழுதிப் போட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்தாவது கடைக்கு அப்புறம் திரும்பிப் பார்க்கிறேன், உன் அக்கா வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறாள். எந்த இடத்தில் வந்து சேர்ந்தாளோ தெரியாது. கடைசிவரை கூடவே வந்தாள். வீட்டில் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பிக்கு எழுதுங்க" என்றாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் எதிரில் தம்பி என்ற வார்த்தையைச் சொன்னாள்.

கட்டைகள் கடை வாசலில் அடுக்கியிருக்கின்றன. அவை உன்னுடையவை. என்ன செய்யலாம் என்று நீ சொல்.

கோதண்டபாணி


அம்பத்தூர்
16-6-1975

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மாணிக்கவாசகம் கார்டும் வந்தது. மறுநாள் முனிசாமி ஆசாரி யாரிடமோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதமும் வந்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக வேலை ஓடாமல் கிடக்கிறேன். சந்தோஷத்தில் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள்.

கட்டை எங்கே என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்று முன்பு எழுதினேன் அல்லவா? கேட்டிருந்தால் சொல்லப் பதில் எனக்குத் தெரியும் மாமா. முதல் வண்டி ஏற்றிய அன்று குளத்தில் இறங்கினவன் நான். கட்டியிருந்த கயிறு ஐப்பசி மழையில் அறுந்து, ஆறு கட்டைகள் மதகுப் பக்கம் சரிந்திருந்தன. ஒன்றைக் காலால் தொட்டேன். பாதி சேற்றில் புதைந்திருந்தது. ஆட்களோடு இன்னொரு நாள் வந்து எடுக்கலாம், கூட்டம் முடிந்ததும் உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் எழுந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டீர்கள்.

ஒரு வாக்கியம் போதும். "மதகாண்ட இருக்குது மாமா, வந்து பாருங்க" என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ரோஷம் தடுத்தது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். எனக்கு உங்கள் கடையைவிட்டுப் போக வேண்டும். இரும்புப் பட்டறை வைக்க வேண்டும். என்னைப் பிள்ளை மாதிரி வளர்த்த அக்காவிடம் போகிறேன் என்று சொல்லத் தைரியமில்லை. நீங்கள் திருடன் என்றதும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தலை நிமிர்ந்து, நியாயம் என் பக்கம் இருக்கும்படி வெளியே வந்தேன். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டுதான் வேணியின் பீரோவில் உங்களைக் குத்த வரி போட்டேன். அவள் கல்யாணத்துக்கும் வரவில்லை. நாற்பது பேர் முன்னால் நின்று சொல்லுங்கள் என்று எழுதினேன். எழுதும்போது கை தயங்கியது என்றேனே, இதனால்தான்.

நீங்கள் வெயிலில் பதினோரு கடை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். அக்கா பின்னால் நடந்திருக்கிறாள். நான் இங்கே நிழலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். எனக்கு என் முகத்தையே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்ட வேண்டாம், அவளிடம் நானே சொல்ல வேண்டும். கட்டைகளை அறுக்கக் கொடுத்துவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். அந்த ஏனாத்தூர் வண்டியை இன்னும் ஒரு நாளைக்குப் பேசி வையுங்கள். இந்தத் தடவை நான் முன்னால் நடக்கிறேன்.

தணிகாசலம்